துரை பங்களாவில் யாருக்குப் பாக்கி? ஏற்காட்டை வைத்து கோதிக் கதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

பேய்க்கதை எழுத உட்காரும் பலர் பேயிலிருந்தே தொடங்குகிறார்கள். வெள்ளைப் புடவை, மல்லிகை வாசம், நள்ளிரவில் கொலுசுச் சத்தம் என்று இரண்டு பக்கம் நன்றாக ஓடும். அதற்குமேல் நகராது. பேய் வந்தாயிற்று, இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எழுதுகிறவருக்கே தெரியாது.

கோதிக் கதையில், அதாவது ஒரு பழைய கட்டடத்தையும் அதில் தங்கிவிட்ட கடந்த காலத்தையும் வைத்துப் பயமூட்டும் கதையில், வரிசை வேறு. முதலில் ஒரு இடம். அப்புறம் அந்த இடத்தில் தீராமல் கிடக்கும் ஒரு கணக்கு. அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் வந்து மாட்டிக்கொள்ளும் ஒரு ஆள். பேய் வந்தால் கடைசியில் வரும், வராமலும் போகலாம். கற்பனைக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது. ஒரு வீட்டையோ தோட்டத்தையோ பார்த்து, "இங்கே யாருக்கு என்ன பாக்கி?" என்று கேட்க வேண்டும். ஆவணங்கள் பதில் சொல்லாத இடத்தில் நாமே ஒரு பதிலை உண்டாக்க வேண்டும். பேய்க்கு முகம் வரைவதெல்லாம் அதற்கு முன்னால் சின்ன வேலை.

சேலத்துக்காரர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள். அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பழைய பங்களா, மூடுபனி, கல்லறைத் தோட்டம், ஏரி, ஆள் அரவமில்லாத காப்பித் தோட்டம் எல்லாம் ஒரே மலையில் கிடைக்கின்றன. அதனால் உதாரணங்களை ஏற்காட்டிலிருந்தே எடுத்திருக்கிறேன். படிகளோடு சேர்த்து ஒரு கதையையும் கட்டிக்கொண்டு போவோம்.

எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

நீளமாகப் போக வேண்டாம். 1764இல் ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற கதையை வெளியிட்டார். பழைய இத்தாலியக் கையெழுத்துப் பிரதியின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லித்தான் முதலில் அச்சிட்டார். அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்று அட்டையில் போட்டார். அந்தக் கதை அவருக்கு ஒரு கனவிலிருந்து வந்தது. பழைய கோட்டை ஒன்றின் மாடிப்படி, கைப்பிடிச் சுவரின் மேல் இரும்புக் கவசம் பூண்ட ஒரு ராட்சதக் கை. கனவில் கண்டது அவ்வளவே. உடம்பும் இல்லை, முகமும் இல்லை. மாடிப்படி மட்டும் தெளிவாக இருந்தது. அவர் குடியிருந்த வீடே அவர் பார்த்துப் பார்த்துப் பழங்காலக் கோட்டை பாணியில் கட்டிக்கொண்டதுதான். கனவுக்கு வேண்டிய சாமான்கள் வீட்டிலேயே இருந்தன.

கற்பனை வெறும் சூனியத்திலிருந்து எதையும் படைப்பதில்லை, கலைந்து கிடக்கும் பொருள்களிலிருந்துதான் படைக்கிறது என்று மேரி ஷெல்லி தன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலின் 1831ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் சொல்கிறார். கோதிக் எழுத வருகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான வரி கிடைக்காது. ஆகவே முதல் வேலை பொருள் சேர்ப்பது.

முதல் படி: ஒரே ஒரு இடம், அதுவும் பகலில்

மலை முழுவதையும் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். ஒரு பங்களா போதும். ஒரு களம், ஒரு சந்து, ஒரு கிணறு போதும். அந்த இடத்துக்குப் பகல் வெளிச்சத்தில் போங்கள். இரவில் போனால் உங்கள் பயத்தைத்தான் குறித்துக்கொண்டு வருவீர்கள். கதைக்கு வேண்டியது இடத்தின் விவரம். தனியார் தோட்டமாக இருந்தால் கேட்டுக்கொண்டு போங்கள். காம்பவுண்ட் ஏறிக் குதித்துச் சேர்த்த விவரம் எதற்கும் ஆகாது, காட்டெருமை எதிரில் நின்றால் கதை எழுத ஆளும் இருக்காது.

என்ன குறிப்பது? முன்வாசல் எந்தத் திசை பார்க்கிறது. எந்த ஜன்னலிலிருந்து ரோடு தெரியும், எதிலிருந்து தெரியாது. சமையலறை வீட்டோடு ஒட்டியிருக்கிறதா, பின்னால் தனியாக இருக்கிறதா. கணப்புப் புகைக்கூண்டில் இப்போது என்ன கூடு கட்டியிருக்கிறது. செல்போன் சிக்னல் எந்த மரத்தடியில் போகிறது. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்குமா. மழை தகரத்தில் எப்படி விழுகிறது, ஓட்டில் எப்படி விழுகிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி எத்தனை உயரம் ஏறியிருக்கிறது, அதைப் பறிக்க ஏணியை எப்படிச் சாய்க்கிறார்கள்.

வாசனையைத் தனியாகக் குறியுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிப்பார்கள். பழத்தோலை உரித்த பிறகு கொட்டையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு புளித்துக் கழியும் வரை ஊறவைப்பார்கள். அந்தப் புளித்த வாடை தோட்டத்தில் நிற்கும். கோடை மழை பெய்த சில நாளில் காப்பிச் செடி பூக்கும். கிளைகள் முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்கும், வாசம் ஏறக்குறைய மல்லிகை வாசம். சில நாளில் வாடிப் போய்விடும். எல்லாப் பேய்க்கதைகளிலும் காரணமில்லாமல் வரும் மல்லிகை வாசத்துக்கு இந்த மலையில் உண்மையான காரணம் இருக்கிறது பாருங்கள். மார்ச், ஏப்ரலில் அந்த வாசம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே வாசம் டிசம்பரில், பறிப்பு நடக்கும்போது வந்தால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் முதலில் முகம் மாறுவார். இடத்தைத் தெரிந்துகொள்வதால் கிடைக்கும் லாபம் இது.

"நான் போனதே இல்லை, எழுதக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம். ஆன் ராட்கிளிஃப் 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலை 1794இல் வெளியிட்டபோது இத்தாலிக்குப் போயிருக்கவில்லை. பயண நூல்களையும் நிலக்காட்சி ஓவியங்களையும் வைத்தே அந்த மலைகளை எழுதினார். பிராம் ஸ்டோக்கரும் டிரான்சில்வேனியாவைப் பார்த்ததில்லை. 1897இல் வந்த அவருடைய 'டிராகுலா' நாவலின் பிரபுவுக்கு வைத்த பெயர்கூட, விட்பி என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தபோது நூலகப் புத்தகம் ஒன்றில் பார்த்துக் குறித்துக்கொண்டதுதான். ஆனால் இவர்கள் யாரும் வெறுங்கையோடு உட்காரவில்லை. நேரில் பார்க்காத இடத்தைக் காகிதத்தில் அலசியிருந்தார்கள்.

மலையேற மனமில்லாதவர்களுக்குக் கீழேயும் இடங்கள் இருக்கின்றன. மாக்னசைட் வெட்டியெடுத்த வெள்ளை மேடுகள், நிலா வெளிச்சத்தில். ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு: நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டூடியோ போய்விட்டது, நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே நுழைவதற்கு எதுவும் இல்லாத ஒரு வாசலை விடவா வேண்டும்? செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறைகள் இருக்கின்றன. கொலுசுச் சத்தத்தைப் பயமுறுத்த மட்டும் பயன்படுத்துகிறவர்கள் அங்கே ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளையமும் யாரோ ஒருவர் நெருப்புக்கு முன்னால் குனிந்து பற்றவைத்தது. சேலத்தில் கொலுசுச் சத்தம் கேட்டால், "செய்தவருக்குக் கூலி கொடுத்தாயிற்றா?" என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாம் படி: ஆவணம் வாயை மூடிக்கொள்ளும் இடம்

ஒரு தாளை நடுவில் மடித்து, இடது பக்கம் தெரிந்ததை எழுதுங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். இது தெரிந்தது. பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது. வலது பக்கம் தெரியாததை எழுதுங்கள். இன்றுள்ள ரோடு இல்லாத காலத்தில் நாற்றுகளை யார் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்? காட்டை யார் அழித்தார்கள்? முதல் பறிப்பில் யார் காய்ச்சலில் விழுந்தார்கள்? அதில் யார் எழுந்திருக்கவில்லை?

கற்பனை நுழைய வேண்டிய வாசல் வலது பக்கம்தான். இடது பக்கத்தில் கை வைக்காதீர்கள். இருந்த மனிதரைக் கொலைகாரராக்கினால் அது அவதூறு, அவர் இறந்து எத்தனை காலமானாலும் சரி. பல்லாவரத்தில் 1863இல் கற்கால மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். மறைந்துபோன மனிதர்கள் கையாண்ட கற்களைச் சேகரித்த ஒருவர் பனி மூடிய மலையில் குடியிருந்தார் என்றதும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அந்தத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள், மனிதரை விட்டுவிடுங்கள். கற்களைச் சேர்க்கும் வேறொரு ஆளை, வேறொரு பெயரில், வேறொரு வீட்டில் குடிவையுங்கள்.

தோட்டத்துக்கும் அதே விதி. உண்மையான எஸ்டேட் பெயரைப் போடாதீர்கள். மலையின் பெயர் உண்மையாக இருக்கட்டும், கேட்டில் தொங்கும் பலகை உங்களுடையதாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: பாக்கியைத் தீர்மானியுங்கள்

இங்கே நம் கதையைத் தொடங்கலாம். தேன்மொழி சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஏற்காட்டில் ஒரு பழைய துரை பங்களாவை ஹோம்ஸ்டேயாக மாற்றப் போகிறார்கள். அதற்கு முன் தோட்டத்தின் பழைய காகிதங்களைப் பிரித்துவைக்க அவளை டிசம்பரில் நான்கு நாள் அனுப்புகிறார்கள். கட்டுக்கட்டாகச் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு. அதில் சின்னப்பொண்ணு என்று ஒரு பெயர். தினமும் வந்ததாகக் குறி இருக்கிறது. கூலிக் கட்டம் காலி. அடுத்த வருடமும் அப்படித்தான். பதிவேடு எழுதும் ரைட்டர் மாறுகிறார், கையெழுத்து மாறுகிறது, காகிதத்தின் நிறம் மாறுகிறது, அந்தப் பெயரும் குறியும் மாறவில்லை. கடைசியில் இப்போது நடப்பிலிருக்கும் ரிஜிஸ்டரை எடுக்கிறாள். அதிலும் இருக்கிறது.

இதில் அமானுஷ்யம் என்று சொல்ல எதுவும் இல்லை, கவனித்தீர்களா? பொய்ப் பெயர் போட்டுக் கூலி எடுப்பது தோட்டத்திலும் உண்டு, ரோடு வேலையிலும் உண்டு. கணக்குத் தெரிந்த தேன்மொழிக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். ஆனால் கூலிக் கட்டம் காலியாக இருக்கிறது. யாரும் பணம் எடுக்கவில்லை. அப்படியானால் எதற்காக எழுதினார்கள்? அறிவுக்கு எட்டிய விளக்கம் ஒன்றை முதலில் கொடுத்து, அந்த விளக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையை விட்டுவைப்பது கோதிக் கதையின் முக்கியமான உத்தி. ஓட்டை சின்னதாக இருக்கும்வரை வாசகர் அதிலேயே கண்ணை வைத்திருப்பார்.

உங்கள் கதைக்கு இதைத் தேடும்போது, மனதில் தோன்றும் முதல் யோசனையை நம்பாதீர்கள். ஐந்து யோசனைகள் எழுதுங்கள். முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள். அவை பெரும்பாலும் நீங்கள் பார்த்த சினிமா. சின்னப்பொண்ணு தேன்மொழியின் பாட்டி என்று முடிக்கலாமே என்று உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. வாசகருக்கும் அதேதான் தோன்றும். அதனால் வேண்டாம்.

நான்காம் படி: எந்த அச்சம்?

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் நான்கிலிருந்து பிறக்கிறது என்று சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும் போன்ற கண்ணுக்குத் தெரியாத சக்திகள், மிருகங்கள், திருடர்கள், நம்மை ஆள்கிறவர்கள். புதிதாக எழுதுகிறவர்கள் இந்த நான்கையும் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் நான்குக்கும் இடமிருக்கிறது. காட்டெருமை தோட்டத்துக்குள் வரும். அறுவடைக் காலத்தில் பழமும் மிளகும் களவு போகும், காவலுக்கு ஆள் போடுவார்கள். இந்த இரண்டும் கதையில் உடனடிப் பயத்துக்கு உதவும். இரவில் வெளியே சத்தம் கேட்டால் தேன்மொழி முதலில் காட்டெருமை என்று நினைக்கட்டும், இரண்டாவது இரவு திருடன் என்று நினைக்கட்டும். மூன்றாவது இரவுக்கு நினைக்க எதுவும் மிச்சமிருக்காது.

ஆனால் கோதிக் கதையின் முதுகெலும்பு மற்ற இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. அணங்கும் இறையும். பேயும் முதலாளியும். ஐரோப்பியக் கதைகளில் பேய் ஏன் குடிசைக்குப் போகாமல் கோட்டைக்கே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அங்கேதான் பிரபு இருந்தார், பிறர் சொத்தைப் பிடுங்கியவர் இருந்தார், வாரிசைப் பூட்டிவைத்தவர் இருந்தார். நம் மலையில் அந்த இடம் துரை பங்களா. வெள்ளைத்துரை போனபிறகும் வீட்டுக்குப் பெயர் மாறவில்லை, அதில் வந்து உட்கார்ந்தவருக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. சின்னப்பொண்ணு பயங்கரமானவள் என்றால் கதை சாதாரணமானது. சின்னப்பொண்ணு பெயரைக் கேட்டதும் முதலாளி பேச்சை மாற்றுவதில்தான் பயம் இருக்கிறது.

ஐந்தாம் படி: போக முடியாத ஆள்

பயமாக இருந்தால் கிளம்பிவிட வேண்டியதுதானே? ஒவ்வொரு கோதிக் கதையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் கோட்டைக் கதவைப் பூட்டினார்கள். 1816 கோடையில் மேரி ஷெல்லியும் நண்பர்களும் ஜெனீவா ஏரிக்கரையில் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதப் போட்டி வைத்துக்கொண்டதற்குக் காரணம், விடாத மழையில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததுதான். முந்தைய ஆண்டு தம்போரா எரிமலை வெடித்ததில் அந்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை.

நமக்கும் மழை உண்டு. கனமழையில் மலைப்பாதையில் பாறை உருண்டால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். ஒரு இரவுக்கு அது போதும். ஆனால் நான்கு நாளும் ரோட்டை அடைத்துவைத்தால் எழுதுகிறவருடைய கை தெரிந்துவிடும். அதைவிடப் பலமான பூட்டு பிழைப்பு. இந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் தேன்மொழிக்கு ஆபீசில் என்ன ஆகும்? தம்பியின் கல்லூரிக் கட்டணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்? லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்றால் இரவில் சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். தன் வீட்டுத் தெரு எந்தப் பக்கம் என்றுகூட அவளால் காட்ட முடியும். போகத்தான் முடியாது.

ஆறாம் படி: கற்பனைக்கு வேலி

எல்லாம் செய்யக்கூடிய பேய் எதையும் செய்வதில்லை. உங்கள் பேயால் என்ன முடியும், என்ன முடியாது என்று மூன்று வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கதையில் சொல்ல வேண்டாம். சின்னப்பொண்ணுவால் வருகைக் குறி போட முடியும். கூலிக் கட்டத்தில் எழுத முடியாது. யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாள். இவ்வளவுதான். எழுதும்போது உற்சாகத்தில் கதவை அறையவும் கண்ணாடியில் முகம் காட்டவும் ஆசை வரும். வேலியைத் தாண்டினால் உங்கள் கதை மற்ற எல்லாக் கதைகளோடும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஏழாம் படி: மூடுபனியை எழுதுவது

இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். இப்படி:

"நள்ளிரவு நேரம். பயங்கரமான மூடுபனி. இருள் சூழ்ந்த பங்களாவில் அமானுஷ்யமான அமைதி நிலவியது. திடீரென்று ஒரு மர்ம உருவம்! தேன்மொழியின் ரத்தம் உறைந்தது!"

இதில் வாசகருக்கு வேலையே இல்லை. பயங்கரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அமானுஷ்யம் என்றும் சொல்லிவிட்டீர்கள், ரத்தத்தையும் உறையவைத்துவிட்டீர்கள். அதே இரவை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"மழை நின்ற பிறகும் தகரத்தில் சொட்டுச் சத்தம் நிற்கவில்லை. சில்வர் ஓக்கிலிருந்து விழுகிறது, விடிய விடிய விழும் என்று ரைட்டர் சொல்லியிருந்தார். தேன்மொழி ரிஜிஸ்டரை மூடி, மேலே டார்ச்சை வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் டார்ச் தரையில் இருந்தது. ரிஜிஸ்டர் திறந்திருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டாள். 14ஆம் தேதிக் கட்டத்தில் புதிதாக ஒரு குறி. மை காகிதத்தில் கொஞ்சம் ஊறியிருந்தது. ரைட்டரிடம் இருந்ததெல்லாம் பால்பாயிண்ட் பேனா."

இரண்டாவதில் பயம் என்ற சொல் இல்லை. "காற்று என்று நினைத்துக்கொண்டாள்" என்ற வரிதான் அதிக வேலை செய்கிறது. காற்று இல்லை என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும் என்பதும் தெரியும். வாசகரின் கற்பனை உங்கள் கற்பனையைவிட அவருக்குப் பொருத்தமான பேயைத் தயாரிக்கும். அதற்கு இடம்விட்டு எழுதுவதுதான் உங்கள் திறமை. அச்சம் வேறு, அருவருப்பு கலந்த திகில் வேறு என்று ராட்கிளிஃப் பிரித்துச் சொன்னதும் இதைத்தான்: முதலாவது மனதை விரித்து விழிக்கச் செய்கிறது, இரண்டாவது சுருக்கி உறையவைக்கிறது. தெளிவில்லாமை முதலாவதுக்குத் துணை.

பனியைப் பொறுத்தவரை ஒரு சின்ன யோசனை. பனி எதை மறைக்கிறது என்பதைக் காட்டிலும் எதை மறைக்கவில்லை என்று எழுதுங்கள். ரோடு தெரியவில்லை, ஆனால் ரோட்டில் யாரோ பேசிக்கொண்டு போவது தெளிவாகக் கேட்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு இது சாதாரணம். சேலத்திலிருந்து வந்தவளுக்குச் சாதாரணம் இல்லை.

உரையாடலில் பேச்சு வழக்கைக் கொண்டுவரத் தயங்காதீர்கள். வாட்ச்மேனிடம் அவள் அந்தப் பெயரைக் கேட்கிறாள். "அதுங்களா? அது இருந்துட்டுப் போவட்டும்ங்க மேடம். எல்லா ரைட்டருமே போடறதுதான்." அவர் குரலில் நடுக்கம் எதுவும் வேண்டாம். பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொல்லட்டும்.

இதைச் செய்யாதீர்கள்

சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களைச் சூனியம் வைக்கிறவர்களாகவும், மாய மந்திரம் தெரிந்த காட்டுவாசிகளாகவும் எழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது. சோம்பேறித்தனம் என்றுதான் அதைச் சொல்வேன். தமிழ் பேசும் மக்கள் அவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்கிறவர்கள். மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோவிலில் குனிந்து, இருட்டுக்குள் போய்த்தான் சாமி கும்பிட வேண்டும், அதனால் கதைக்கு நல்ல செட் என்று தோன்றும். மே மாதம் திருவிழா நடக்கும், மக்கள் வாழும் கோவில் அது. அதை உங்கள் பேய்க்கு வீடாக்க வேண்டாம். மனநோய், கைம்பெண், ஊனம் ஆகியவற்றைப் பயமுறுத்தும் பொருளாக்குவதும் இதே கணக்கில் சேரும். நான்காம் படியை நினைத்துக்கொள்ளுங்கள்: அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பயத்தைத் திருப்புங்கள்.

எட்டாம் படி: எழுதி முடிப்பது

முதல் கதையை 2,000 சொல்லுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள், ஒரு வீடு, மூன்று பாத்திரங்கள். முதல் பிரதியை நிறுத்தாமல் எழுதுங்கள். எழுதி முடித்துச் சில நாள் போட்டுவைத்த பிறகு, திடீரென்று, மர்மமான, அமானுஷ்யமான, பயங்கரமான ஆகிய நான்கு சொற்களையும் தேடி எடுத்துவிடுங்கள். ஆச்சரியக்குறிகளையும். மிச்சமிருப்பது நிற்கிறதா என்று பாருங்கள்.

முடிவுக்கு வருவோம். நம் கதைக்கு மூன்று முடிவுகள் தோன்றுகின்றன. கடைசி நாள் ரிஜிஸ்டரில் தேன்மொழியின் பெயரும் ஏறியிருக்கிறது என்பது ஒன்று. இதை ஆயிரம் கதைகளில் படித்திருப்பீர்கள். அவள் எல்லா வருடக் கூலியையும் கூட்டிக் கட்டத்தில் எழுதுகிறாள், சின்னப்பொண்ணு சாந்தியடைகிறாள் என்பது இன்னொன்று. மனதுக்கு இதமாக இருக்கும், ஆனால் யார் பணம் கொடுத்தார்கள்?

மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்கிறது. தேன்மொழி தொகையைக் கணக்குப் போட்டு முதலாளியிடம் காட்டுகிறாள். அவர் கோபப்படுவதில்லை. காப்பி கொடுக்கிறார். "பழைய பாக்கி எல்லாம் தள்ளுபடின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடும்மா" என்கிறார். அவளும் போட்டுவிடுகிறாள். தம்பியின் கட்டணத் தேதி அந்த வாரம். சேலத்துக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, வேறு ஏதோ விஷயமாக ரைட்டரிடம் போனில் பேசும்போது அவர் சொல்கிறார், நீங்க போன நாளிலிருந்து அந்தப் பேருக்குக் குறி விழுகிறதில்லை என்று. அவ்வளவுடன் நிறுத்திவிட வேண்டும். மலையில் இல்லையென்றால் அவள் எங்கே என்ற கேள்வியை வாசகரிடம் விட்டுவிடுங்கள். ராட்கிளிஃப் தன் கதைகளின் அமானுஷ்யத்துக்கெல்லாம் கடைசியில் காரணம் சொல்லிவிடுவார், அதில் ஏமாந்துபோனவர்களும் உண்டு.

கடைசியாக, இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் மலையில் இருப்பவராக இருந்தால் நல்லது. செக்ரோலில் என்னென்ன கட்டங்கள் இருக்கும், டிசம்பரில் எத்தனை மணிக்கு இருட்டும் என்பதை அவர்தான் திருத்துவார். படித்து முடித்ததும் "பயந்தீர்களா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு தாளைக் கொடுத்து அந்தப் பங்களாவின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். ஆபீஸ் அறை எங்கே, ரிஜிஸ்டர் இருந்த மேஜை எங்கே, வாட்ச்மேன் எங்கே படுப்பார். இருவர் வரைந்ததும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் முதல் படிக்குத் திரும்பிப் போங்கள். அப்புறம் சின்னப்பொண்ணு எப்படி இருப்பாள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இங்கே இருவரும் வேறுவேறாகச் சொல்ல வேண்டும். ஒன்றாகச் சொன்னால், எந்த வரியில் அவளைக் காட்டிவிட்டீர்கள் என்று தேடி அதை அடித்துவிடுங்கள்.